பழைய ஜீப்பின் முன்னங்கால் வைத்தியம்

கொள்ளிடத்தின் வடகரையில், தேவார மூவராலும் பாடப்பெற்ற பெருமையோடு விளங்கும் திருமழபாடியில் எழுந்தருளியிருக்கும் ஈசனுக்கு வைத்தியநாதர் என்பது திருநாமம். பங்குனி மாதத்தில் அங்கே நந்திதேவருக்கும் சுயசாம்பிகைக்கும் நடைபெறும் திருக்கல்யாணத்துக்குத் திருவையாற்றிலிருந்து ஐயாறப்பரே மாப்பிள்ளை வீட்டாராக ஆற்றைக் கடந்து வருவார். அதைத் தரிசிக்கச் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் பஸ்ஸிலும் வேனிலும் டிராக்டரிலும் இருசக்கர வாகனங்களிலுமாகத் திரள்வார்கள். அந்த வாகனக் கூட்டத்தின் ஓரத்தில், இன்ன நிறமென்று நிச்சயமாய்ச் சொல்ல முடியாதபடி வர்ணம் மங்கிய பழைய ஜீப் ஒன்று, முன்சக்கரங்கள் இரண்டும் இரு வேறு திக்குகளைப் பார்க்க நின்றிருந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. வைத்தியநாதர் சந்நிதி வாசலில் நிற்கிற அந்த வண்டிக்கும் வைத்தியம் வேண்டியிருக்கிறது. அந்த வைத்தியத்தில் மருந்து சிறுபகுதி; நோய் இருக்குமிடத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பகுதி. நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது என்பது என் நெடுநாள் அபிப்பிராயம்.

ஜீப் யுத்தத்தில் பிறந்த வாகனம். 1940-இல் அமெரிக்க ராணுவம், நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய இலேசான வண்டியொன்று வேண்டுமென்று கேட்டபோது, பாண்டம் என்ற சிறிய கம்பெனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. ஆனால் பெருந்தொகையில் உற்பத்தி செய்யும் பாக்கியம் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளுக்கே வாய்த்தது. யுத்தம் முடிவதற்குள் அவை ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்து தள்ளின. 1945-இல் தோன்றி 1948-இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனி, வில்லிஸ் ஜீப்பை இந்நாட்டில் முதலில் உறுப்புகளாக வரவழைத்து இணைத்தும், பிறகு இங்கேயே செய்தும் விற்றது. 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின், கிராமத்து மண்ணில் முதன்முதலாகத் தடம் பதித்த மோட்டார் வாகனம் பல இடங்களில் வட்டார வளர்ச்சி அதிகாரியின் ஜீப்பாகவே இருந்தது. எண்பதுகளில் பெழோ டீசல் எஞ்சினோடு எம்.எம். 540 வந்தது. உடல் கொஞ்சம் மாறிற்று, இருதயம் முற்றும் மாறிற்று. முன்னங்கால்களின் அமைப்பு மட்டும் வில்லிஸ் மரபிலிருந்து அதிகம் விலகவில்லை.

சர்க்கார் சேவையில் ஓய்ந்த ஜீப்புகள் ஏலத்தின் வழியாக மிராசுதாரர்களிடமும், கல் குவாரிக்காரர்களிடமும், மைக் செட் கட்டுகிறவர்களிடமும் வந்து சேர்ந்து இரண்டாம் ஜன்மம் எடுத்தன. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, 15 ஆண்டு கடந்த அரசாங்க வாகனங்களின் பதிவு ரத்தாகி அவை உடைப்பதற்கே போகவேண்டுமென்று விதி வந்துவிட்டபடியால், அந்த வழி இனி அடைபட்டதென்றே சொல்லலாம். தனியார் கையிலிருப்பவை 15 ஆண்டு முடிந்தபின் ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு ஓடலாம். ஆகவே இருக்கிற ஜீப்பை நன்றாக வைத்துக்கொள்வதைத் தவிர அதன் பிரியர்களுக்கு வேறு மார்க்கம் குறைவு.

முன்சக்கரங்கள் ஏன் இத்தனை சங்கடம் தருகின்றன என்று அறிய, அவற்றுக்கு முந்திய வாகனங்களை நினைத்துப் பார்ப்பது உபயோகமாகும். மாட்டு வண்டிக்கு ஒரே அச்சு. நுகத்தில் பூட்டிய காளைகள் திரும்பிய பக்கம் வண்டியும் திரும்பிவிடுவதால், அங்கே தேயக்கூடியது சக்கரத்தின் குடமும் அச்சின் முனையுமே. கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தை உருவி மசகு போட்டால் வேலை தீர்ந்தது. கோயில் தேருக்கோ நான்கு சக்கரங்கள் இருந்தும் அச்சுகள் திரும்புவதேயில்லை. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுக்கிறவர்களின் அபார சாமர்த்தியத்தால், அங்குலம் அங்குலமாக அது வீதி மூலையைக் கடக்கிறது. வேகமாக ஓடவும் வேண்டும், ஓடுகையிலேயே திரும்பவும் வேண்டும் என்கிறபோதுதான் சிக்கல் ஆரம்பமாகிறது. அச்சு முழுவதையும் திருப்பாமல், அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் தனித்தனியே திரும்ப வேண்டும். வளைவின் உட்புறச் சக்கரம் வெளிப்புறச் சக்கரத்தைவிடச் சற்று அதிகமாகத் திரும்பவும் வேண்டும். மூனிச் நகரத்துக் கோச்சு வண்டி செய்பவரான லாங்கென்ஸ்பெர்கர் இதற்கு வகை கண்டார். அவர் சார்பில் 1818-இல் லண்டனில் உரிமை பதிவு செய்த ஆக்கர்மன் என்பவரின் பெயரே அந்த அமைப்புக்கு நிலைத்துவிட்டது. கண்டவன் ஒருவன், பெயர் பெற்றவன் ஒருவன் என்பது யந்திர சாஸ்திரத்திலும் சகஜந்தான்.

ஜீப்பில் இந்தக் காரியம் நடைபெறுகிற விதத்தைச் சற்று நிதானமாகப் பின்தொடர்வோம். ஸ்டீரிங் வீலின் சுழற்சியை, தண்டின் அடியிலுள்ள ஸ்டீரிங் பாக்ஸ், டிராப் ஆர்ம் என்ற கையின் வீச்சாக மாற்றுகிறது. அந்தக் கை டிராக் லிங்க் என்ற தண்டைத் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது. வில்லிஸ் வம்சத்துப் பழைய வண்டிகளில், அந்தத் தண்டு நடுவிலிருக்கும் பெல் கிராங்கை அசைக்க, அதிலிருந்து அசைவு டை ராடுக்குப் போய், சக்கரம் மாட்டிய நக்கிளைத் திருப்புகிறது. அச்சின் முனையிலுள்ள உருண்டைக் கூட்டின் மேலும் கீழுமாக அமைந்த இரண்டு கிங் பின்களே நக்கிள் திரும்புவதற்கு ஆதாரம். அந்த உருண்டைக்குள், முன்சக்கரத்துக்கு எஞ்சினின் பலத்தைக் கொண்டுசெல்லும் தண்டின் மூட்டு கிரீஸில் முழுகிக் கிடக்கிறது. இவ்வளவையும் தாங்கும் அச்சு இரண்டு ஸ்பிரிங் பட்டைகளின்மீது யூ போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. பட்டையின் ஒரு முனை சேஸிஸோடு அசையாத பின்னிலும், மறுமுனை முன்னும் பின்னும் ஊசலாடக்கூடிய ஷாக்கிளிலும் கோக்கப்பட்டிருக்கும்.

ஆக, சாரதியின் கைக்கும் சாலையைத் தொடும் டயருக்கும் நடுவே ஏழெட்டு மூட்டுகள் இருக்கின்றன. தனியாகப் பார்த்தால் எந்த மூட்டின் தேய்மானமும் கண்ணுக்குத் தெரியாத அற்பமாக இருக்கும். ஆனால் அந்த அற்பங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து, ஸ்டீரிங் வீலை இரண்டு மூன்று அங்குலம் திருப்பினாலும் சக்கரம் அசையாத நிலைக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. மெக்கானிக்குகள் இதை ஆட்டம் என்கிறார்கள். ஆட்டம் எங்கே பிறந்தாலும் அது வெளிப்படுவது சாரதியின் உள்ளங்கையில்தான். இந்த உபாதையின் விஷமமே அதில்தான் இருக்கிறது.

திருமழபாடி வட்டாரத்தில் இந்த மூட்டுகள் சீக்கிரம் தேய்வதற்கு என்ன காரணமென்று கேட்டால், சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச்செல்லும் லாரிகள் கிளப்பும் வெண்புழுதிதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. பொருள்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை வரிசைப்படுத்தி 1812-இல் மோஸ் என்ற ஜெர்மானியர் வகுத்த அளவில், சுண்ணாம்புக்கல்லின் பிரதானப் பொருளான கால்சைட்டுக்கு மூன்றாம் இடமே. ஆற்று மணலின் பிரதானப் பொருளான குவார்ட்ஸுக்கோ ஏழாம் இடம். சுண்ணாம்புத் தூள் கிரீஸை உறிஞ்சி வறட்டிவிடும். எஃகை அராவுகிற வேலை கொள்ளிடத்து மணலுடையது. வெளிர்நிறமாக, பார்வைக்குச் சாதுவாக இருக்கிற அந்த மணல், டை ராடின் முனையிலுள்ள பந்து மூட்டான எண்டு ஒன்றின் ரப்பர் மூடி கிழிந்திருக்க, அதற்குள் புகுந்து கிரீஸோடு கலந்துவிட்டால், மூட்டு தன்னைத்தானே சாணை பிடித்துக்கொள்ள ஆரம்பிக்கிறது. ஆற்றில் நீர் ஓடுகையில் ஜீப்பை இறக்குவதால் விளைகிற கேடு வேறு விதம். ஓடிச் சூடேறிய ஹப் என்ற சக்கரக்குடம் திடீரென்று குளிர்ந்த நீரில் முழுகும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலின் ஓரமாக நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பேரிங் துருப்பிடித்து முனகுவதற்கு ஒரு பருவம் ஆகும்.

தேய்ந்த முன்புறத்தின் குணங்குறிகளில் மிகப் பயங்கரமானது உதறல். நேரான சாலையில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்த வண்டி, ஒரு சிறு பள்ளத்திலோ பாலத்தின் இணைப்பிலோ முன்சக்கரம் தட்டிய மாத்திரத்தில், ஸ்டீரிங் வீல் கையைவிட்டுப் பிடுங்கிக்கொள்ளும்படி இடமும் வலமுமாகக் குலுங்கத் தொடங்கிவிடும். கிங் பின்னைச் சுற்றி ஆடக்கூடிய சக்கரத்துக்கென்று இயல்பான ஓர் ஆட்டவேகம் உண்டு. மூட்டுகள் இறுக்கமாக இருக்கும் வரையில் அவற்றின் உராய்வு அதை அடக்கி வைத்திருக்கிறது. பழைய ஜீப்பின் 6.00-16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டேகால் மீட்டர் உருளும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஏழு சுற்றுக்கு மேல் ஆகிறது. சக்கரத்தில் எடை சமமாக இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உந்துதல். அந்த உந்துதலின் தாளமும் ஆட்டத்தின் தாளமும் ஒத்துப்போகும் வேகத்தில், அடக்குவாரில்லாத ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். அந்தத் தறுவாயில் பிரேக்கை ஓங்கி மிதிக்கலாகாது. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, ஸ்டீரிங்கை உறுதியாகப் பற்றியபடி வேகம் தானாகக் குறையவிட வேண்டும். கட்டைவிரல்களை வீலின் ஆரக்கால்களுக்கு உள்ளே கோத்துப் பிடிக்கக் கூடாது என்பது கரடுமுரடான பாதையில் ஓட்டுகிறவர்களின் பழைய பாடம். கல்லில் மோதிய சக்கரம் வீலைச் சுழற்றிவிட்டால் விரல் முறிந்துபோகும்.

இப்படிப்பட்ட வண்டி பட்டறைக்கு வந்தால் அங்கே வழக்கமாக என்ன நடக்கிறது? முதல் சிகிச்சை ஸ்டீரிங் பாக்ஸின் தலையிலிருக்கும் திருகை ஒரு சுற்று இறுக்குவது. ஆட்டம் குறைந்ததுபோல் தோன்றும். சொந்தக்காரர் திருப்தியோடு போய்விடுவார். ஆனால் பாக்ஸுக்குள்ளே அதிகம் தேய்வது, வண்டி நேராக ஓடும்போது பொருந்தியிருக்கும் நடுப்பகுதிதான். ஓரங்கள் அவ்வளவாகத் தேய்வதில்லை. நடுவிலிருக்கும் ஆட்டம் போகும்வரை இறுக்கினால், வளைவில் முழுதாகத் திருப்புகையில் உள்ளே கவ்விக்கொள்ளும். திரும்பிய ஸ்டீரிங் திரும்பி வராத வண்டி, ஆட்டமுள்ள வண்டியைவிட ஆபத்தானது. இரண்டாவது சிகிச்சை, உதறலை அடக்கும் ஸ்டீரிங் டேம்பர் ஒன்றைக் குறுக்கே மாட்டுவது. நல்ல நிலையிலிருக்கிற வண்டிக்கு அது ஒரு துணை, சந்தேகமில்லை. தேய்ந்த வண்டிக்கோ ஜுரத்தை மறைக்கிற மாத்திரை. மூன்றாவது, ‘டயரை மாத்திப் பாருங்க’ என்கிற யோசனை. புது டயர் சில மாதங்களில் பழைய டயரைப் போலவே ஒருக்களித்துத் தேய்ந்து, அந்த யோசனையின் மதிப்பைக் காட்டிவிடும்.

சரியான பரீட்சைக்கு விலையுயர்ந்த உபகரணம் ஏதும் தேவையில்லை. இரண்டு பேர் வேண்டும், பொறுமை வேண்டும். முதல் பரீட்சையை ஜாக்கி வைக்காமலே செய்யவேண்டும். சக்கரங்கள் தரையில் பாரத்தோடு நிற்க, எஞ்சின் நின்றிருக்க, ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமுமாகச் சிறுவீச்சாக அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். மற்றவர் வண்டியின் கீழே படுத்து, ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்து, தண்டு அசைந்தும் அதற்கடுத்த உறுப்பு அசையாமல் தாமதிக்கும் இடம் எது என்று பார்க்க வேண்டும். கண் ஏமாறினாலும் விரல் ஏமாறாது. டிராப் ஆர்ம் அசைந்தவுடன் டிராக் லிங்க் அசைகிறதா, பெல் கிராங்க் தன் பின்னில் செங்குத்தாக நிற்கிறதா அல்லது சாய்ந்து எழுகிறதா, ஸ்டீரிங் பாக்ஸே சேஸிஸில் அசைந்து கொடுக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால், திரிகிற திருடன் அநேகமாகப் பத்து நிமிஷத்தில் அகப்பட்டுவிடுவான். பாக்ஸைச் சேஸிஸோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்தும், சில சமயம் சேஸிஸே அவ்விடத்தில் விரிசல் கண்டும் இருப்பதுண்டு. அங்கே பார்க்காமல் புது டை ராடு எண்டுகளை வாங்கி அடுக்குகிறவர்கள் அநேகர்.

பிறகுதான் ஜாக்கி. வண்டியைத் தூக்கியபின் ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் கை நுழைக்கக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தூக்கிய சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்கா, கிங் பின்னா என்ற கேள்வி எழும். அதற்கு அழகான ஒரு தீர்வு உண்டு. இன்னொருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்ட வேண்டும். பிரேக்கு பிடித்ததும் ஹப்பும் நக்கிளும் ஒன்றாக இறுகிவிடுவதால், ஆட்டம் மறைந்துவிட்டால் குற்றம் வீல் பேரிங்கினுடையது. மறையாவிட்டால் கிங் பின்னுடையது. இருபக்கவாட்டிலும் பிடித்து ஆட்டும்போது தெரிகிற ஆட்டம் பெரும்பாலும் டை ராடு எண்டுகளைச் சுட்டும்.

கிங் பின் வேலைதான் இவற்றுள் நிபுணத்துவம் கோருவது. சக்கரம், ஹப், பிரேக்குத் தட்டு, உள்தண்டு எல்லாவற்றையும் வரிசையாகக் கழற்றி, நக்கிளைப் பிரித்தால், மேலும் கீழும் கூம்பு வடிவான ரோலர் பேரிங்குகள் தென்படும். அவற்றின் வெளிவளையத்தை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பார்த்தால், ரோலர்கள் பதிந்த குழிகள் வரிசையாகத் தெரியும். வண்டி தன் ஆயுளில் பெரும்பகுதி நேராகவே ஓடுவதால், பள்ளத்தின் அடி ஒவ்வொன்றும் அதே இடத்தில் விழுந்து விழுந்து உண்டாக்கிய குழிகள் அவை. ஸ்டீரிங் நடுவில் ‘கட்’டென்று விழுந்து நிற்கிறதே என்று சிலர் சொல்வது இதனால்தான். குழி விழுந்த பேரிங்கை இறுக்கிப் பயனில்லை. வளையத்தோடு மாற்ற வேண்டும். புதியதைப் போட்டபின் மூடியின் அடியில் வைக்கும் மெல்லிய ஷிம் தகடுகளால் அதன் இறுக்கம் நிர்ணயமாகிறது. உருண்டைக் கூட்டுக்கு நக்கிள் நடுவாக நிற்கும்படி, மேலும் கீழும் சம கனத்தில் ஷிம் வைப்பது முறை. டை ராடைக் கழற்றி, கிரீஸ் சீலை இன்னும் மாட்டாமல், நக்கிளின் கையில் டை ராடு கோக்கும் துளையில் ஒரு வில் தராசைக் கோத்து இழுத்து, எத்தனை இழுப்பில் நக்கிள் அசையத் தொடங்குகிறது என்று பார்த்து, கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு ஷிம்மைக் கூட்டியோ குறைத்தோ வர வேண்டும். மிகத் தளர்ந்தால் உதறல். மிக இறுகினால் வளைவு முடிந்தபின் சக்கரம் தானாக நேர்ப்படாது. ‘கைப்பதம் போதும் சார், இருபது வருஷ சர்வீஸ்’ என்று சொல்கிற மெக்கானிக்கின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் தராசை ஒருமுறை மாட்டிப் பாருங்கள் என்றே பணிவாகக் கேட்டுக்கொள்வேன்.

டை ராடு எண்டை மாற்றுவது அதைவிட எளிது, எளிதென்பதாலேயே அதிகம் கெடுக்கப்படுவதும் அதுதான். காட்டர் பின்னை உருவி நட்டைக் கழற்றியபின், கூம்பாக இறங்கியிருக்கும் அதன் தண்டு கையின் துளையில் கவ்விக்கொண்டு வராது. மரையின் தலையில் சுத்தியால் அடிப்பது மூடத்தனம். அதற்கென்றுள்ள புல்லரைப் போட வேண்டும், அல்லது துளையைச் சுற்றியுள்ள பருத்த பாகத்தின் ஒரு பக்கம் கனமான சுத்தியை அணை கொடுத்து மறுபக்கம் ஓங்கித் தட்ட வேண்டும். பழைய எண்டு குழாயில் எத்தனை மரை உள்ளே சென்றிருந்தது என்று எண்ணி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். டை ராடின் ஒரு முனை வலமரை, மறுமுனை இடமரை. ஆகையால் இரு எண்டுகளையும் கழற்றாமலே குழாயைத் திருகினால் அதன் நீளம் கூடும் அல்லது குறையும். புதிய எண்டை மாட்டுகையில், நட்டின் பள்ளமும் தண்டின் துளையும் நேர்ப்படாவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்க வேண்டுமேயன்றி, தளர்த்தி நேராக்கக் கூடாது. காட்டர் பின் ஒவ்வொரு தடவையும் புதிது. வளைந்த டிராக் லிங்கை நெருப்பில் காய்ச்சி நிமிர்த்துவதும், தேய்ந்த பந்து மூட்டில் வெல்டிங் வைத்து நிரப்புவதும் நம் பட்டறைகளில் சாதாரணமாக நடக்கின்றன. எஃகுக்கு ஏற்றப்பட்டிருந்த பதம் அந்தச் சூட்டில் போய்விடுகிறது. பின்னொரு நாள் எச்சரிக்கை ஏதுமின்றி அது முறியும். ஸ்டீரிங் சம்பந்தமான உறுப்புகளில் வெல்டிங் ராடு படலாகாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

பட்டைகளுக்கு வருவோம். நடுவிலுள்ள சென்டர் போல்ட்டின் தலைதான் அச்சின் துளையில் பொருந்தி, அச்சைத் தன் இடத்தில் நிறுத்துகிறது. யூ போல்ட் தளர்ந்து சென்டர் போல்ட் முறிந்தால் அச்சு ஒரு பக்கமாகப் பின்னே நகர்ந்துவிடும். அப்புறம் எந்த அலைன்மென்ட்டும் அந்த வண்டியை நேராக்காது. பட்டைக் காதிலுள்ள புஷ்கள் ரப்பராயின், வண்டியின் பாரம் பட்டையின்மேல் இறங்கிய பிறகே அவற்றின் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். மரையுள்ள ஷாக்கிள் கொண்ட மிகப் பழைய வண்டிகளில் சில ஷாக்கிள்கள் இடமரை என்பதை மறந்து திருகி, மரையைப் பாழ் செய்தவர்கள் உண்டு. ஜீப்பை உயர்த்திக் காட்டவேண்டுமென்ற இளைஞர்களின் ஆசையால், கூடுதல் பட்டை செருகுவதும் நீண்ட ஷாக்கிள் மாட்டுவதும் இப்போது ஒரு மோகமாயிருக்கிறது. சாலையின் அடி முழுவதும் கிங் பின்னிலும் சேஸிஸிலும் போய் விழுவது ஒருபுறமிருக்க, அச்சின் சாய்வே மாறிப்போகிறது. கிங் பின்னின் உச்சி சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால்தான், சைக்கிளின் முன்கவையைப் போலவே, கையை விட்டாலும் சக்கரம் நேராக நிற்க விரும்புகிறது. வில்லிஸ் ஜீப்புக்கு அந்தச் சாய்வு 3 டிகிரி என்று வகுத்திருந்தார்கள். கேஸ்டர் எனப்படும் அந்தச் சிறு கோணத்தை அழித்துவிட்டு, வண்டி அலைகிறதே என்று அங்கலாய்ப்பதில் நியாயமில்லை.

ஷாக் அப்சார்பரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எண்ணெய் கசிந்தால் ஜோடியாக மாற்றிவிட வேண்டும். காரைப்போல் பானெட்டை அழுத்திப் பார்க்கும் பரீட்சை, விறைப்பான பட்டையுள்ள ஜீப்புக்குப் பயன்படாது.

எல்லாம் பூட்டிய பிறகு சக்கரங்களை ஒழுங்குபடுத்தும் வேலை வருகிறது. திருமானூரிலோ அரியலூரிலோ கணினி வைத்து அலைன்மென்ட் பார்க்குமிடம் அகப்படாவிட்டாலும் குடிமுழுகிப் போவதில்லை. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, டயரின் நடுவே சாக்குக்கட்டியைப் பூசி, அதன்மேல் ஓர் ஆணி முனையால் சுற்றிலும் ஒரே கோடு விழச் செய்ய வேண்டும். வண்டியை இறக்கி, முன்னோக்கிச் சில அடி தள்ளி நிறுத்தி, அச்சின் உயரத்தில் இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சக்கரங்களின் முன்புறத்திலும் பின்புறத்திலும் டேப்பால் அளக்க வேண்டும். முன்புறத் தூரம் சற்றே குறைவாக இருக்க வேண்டும். வில்லிஸுக்கு விதித்த வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் இரண்டரை மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டது. இடமரையும் வலமரையும் இங்கேதான் கைகொடுக்கின்றன. ஸ்டீரிங் பாக்ஸின் திருகைத் தொடவேண்டுமானால், இத்தனைக்கும் பிறகு, கட்டக் கடைசியாகத் தொடலாம். பெரும்பாலான வண்டிகளில் அதற்குள் தொடவேண்டிய அவசியமே இராது.

1985-இன் கடைசியில் வந்த மாருதி ஜிப்ஸியும் முன்புறம் பட்டை, கிங் பின் பேரிங், ஷிம் என்ற இதே குடும்பத்தைச் சேர்ந்ததாகையால், மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். 2010-இல் வந்த தார் வண்டிகளில் சிலவற்றின் முன்புறமோ வேறு ஜாதி. அங்கே முழு அச்சு இல்லை, முறுக்குக் கம்பியும் பால் ஜாயிண்டும் வந்துவிட்டன.

உதிரி உறுப்புகள் வாங்குவதில் ஒரு வார்த்தை. பழைய ஜீப்புக்கு வேண்டிய கதவோ, மட்கார்டோ, டாஷ் போர்டோ சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய்த் தேடினால் கிடைக்கலாம்; தேடுவதும் ஓர் இன்பந்தான். டை ராடு எண்டு, டிராக் லிங்க், கிங் பின் பேரிங் இவற்றை மட்டும் பழையதாக வாங்கலாகாது. புதியதிலும் பெட்டியின் அச்சைப் பார்த்து மயங்காமல், பந்தைக் கையால் ஆட்டிப் பார்த்து, விறைப்பாகவும் ஒரே சீராகவும் அசைகிறதா, ரப்பர் மூடி தளர்ச்சியின்றி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கிரீஸ் நிப்பிள் உள்ள எண்டு கிடைத்தால் அதுவே உத்தமம். அந்நாளைய வில்லிஸ் புத்தகம் ஆயிரம் மைலுக்கொருமுறை கிரீஸ் அடிக்கச் சொன்னது. ஆற்று மணலில் இறங்கிய வண்டிக்கு, அன்று சாயங்காலமே கிரீஸ் கன்னை எடுத்து, மூடியின் ஓரத்தில் பழைய அழுக்குக் கிரீஸ் வெளிவந்து புதியது எட்டிப்பார்க்கும் வரையில் அடித்துவிட வேண்டும்.

வேலை முடிந்து முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும். புதிய பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து கொடுத்திருக்கும். கழற்றிய பழைய எண்டுகளைப் பட்டறை மூலையில் விட்டுவிட்டு வருவது நம் வழக்கம். அவை பெயிண்ட் அடித்து, ரப்பர் மூடி மாற்றி, புதிதுபோல இன்னொரு ஜீப்பில் ஏறுவதுண்டு. ஆகையால் பழைய இரும்புக் கடைக்குப் போடுமுன் ஹாக்ஸா பிளேடால் அவற்றின் மரையைக் குறுக்கே அறுத்துவிடச் சொல்லுங்கள். எடைக்குக் கிடைக்கிற காசு அதனால் குறைவதில்லை.